சிக்கனம் யாருடைய அறம்?

சிக்கனம் சிறந்தது என்பது நாம் இளமையிற் கற்ற முதற் பாடங்களுள் ஒன்று. அதனைப் பற்றிக் கட்டுரை வரையாது பாடசாலையை விட்டு நீங்கிய தமிழ் மாணவர் எவரும் இரார். ஆசிரியத் தொழிலை மேற்கொண்டபின் நாமும் வழிவழி வந்த வழக்கப்படி அதே தலைப்பை மாணவருக்குக் கொடுத்து வந்தோம். 2022ஆம் ஆண்டின் இறுதித் தவணையிலும் கொடுத்தோம். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி இவ்வாறு எழுதியிருந்தாள்: "எங்கள் வீட்டில் நாங்கள் ஐந்து பேர். அம்மா ஒரு முட்டையை அவித்து நான்காகப் பங்கிடுவார். இவ்வாறு நாங்கள் சிக்கனமாக வாழ்கிறோம்." கணக்குப் பிழைத்துவிட்டது என எண்ணிய நாம், 'நான்காக' என்ற சொல்லைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, ஓரத்தில் 'ஐந்தாக' என எழுதினோம். கொப்பியைப் பெற்றுக்கொண்ட பிள்ளை சிறிது நேரம் தயங்கி நின்றாள். பின்பு, "பிழை இல்லை சேர். அம்மா சாப்பிடுறேல்லை" என்றாள்.

அந்தச் சிவப்பு வட்டம் நம்மை நெடுநாள் உறுத்தியது. அத்தாய் செய்ததற்குச் சிக்கனம் என்று பெயரிடலாமா? பெயரிடலாமெனில், அவளுக்கு அதனைப் போதிக்கும் உரிமை யாருக்கு உண்டு? இவ்வினாக்களைச் சிறிது ஆராய்தல் வேண்டும்.

முதலில் நிகழ்ந்தவற்றை நோக்குவோம். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, 2022 செப்டெம்பரில் உணவுப் பொருள்களின் விலை முந்திய ஆண்டின் அதே மாதத்திலிருந்ததைவிட 94.9 வீதம் உயர்ந்திருந்தது. 1,000 ரூபாவுக்கு வாங்கிய உணவை வாங்க ஓராண்டின் பின்னர் ஏறக்குறைய 1,950 ரூபா தேவைப்பட்டது. 2021இன் நடுப்பகுதியில் 380 ரூபாவுக்கு விற்ற 400 கிராம் பால்மாப் பக்கற், 2022 மார்ச்சில் 790 ரூபாவாயிற்று. 2021இல் இரசாயன உரத்துக்கு விதிக்கப்பட்ட தடையால் விளைச்சல் குன்றிற்று. அந்நியச் செலாவணி வற்றிற்று. 2022 மார்ச்சில் ரூபாவின் பெறுமதி சரிந்தது. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. இவற்றுள் ஒன்றையேனும் எந்த அடுக்களையும் தீர்மானிக்கவில்லை. ஆயினும் இவை அனைத்தின் சுமையும் வந்து இறங்கிய இடம் அடுக்களையே.

2023 செப்டெம்பரில் அதே சுட்டெண் காட்டிய பணவீக்கம் 1.3 வீதமாகக் குறைந்தபோது, விலைவாசி இறங்கிவிட்டது எனப் பலர் ஆறுதலடைந்தனர். உண்மை அதுவன்று. 2021 செப்டெம்பரில் 100 ரூபா பெற்ற பொருள்களின் விலை ஓராண்டில் 169 ரூபா 80 சதமாயிற்று. அடுத்த ஆண்டில் ஏறக்குறைய 172 ரூபாவாயிற்று. உயர்ந்த விலை மேலும் விரைந்து உயராது நின்றதேயன்றிப் பழைய நிலைக்கு மீளவில்லை. சம்பளமோ கூலியோ அவ்வளவுக்கு உயராத வீட்டில் நெருக்கடி அன்றும் முடிந்துவிடவில்லை.

இந்நிலையிலேதான் இல்லத்தரசிகளுக்கு அறிவுரைகள் குவிந்தன. கடைக்குச் செல்லுமுன் பட்டியல் எழுதுக. பசியோடு கடைக்குப் போகற்க. விலையை ஒப்பிட்டு வாங்குக. வீட்டுத் தோட்டம் செய்க என்பன அவை. இவற்றை நாம் எள்ளி நகையாடவில்லை. இவை பயனுள்ளவையே. ஆனால், அறிவுரை கூறியோர் பலரிலும் பார்க்க அதனைக் கேட்ட பெண்கள் இக்கலையில் வல்லவர்கள் என்பதை நாம் நேரிற் கண்டிருக்கிறோம். பாலுக்குப் பதில் வெறுந்தேநீர், சோற்றுக்குப் பதில் மரவள்ளிக்கிழங்கு, மீனுக்குப் பதில் முருங்கையிலை என்று ஒவ்வொன்றாக மாற்றி, ஒரு தேங்காயின் பாதியை மறுநாளுக்கு வைத்து, வற்றிய வருவாயைக் கொண்டு மாதத்தின் முப்பது நாள்களையும் கடத்தியவர்கள் அவர்கள். 'இறாத்தல் பாண்' என்று நாம் இன்றும் பழக்கத்தாற் சொல்லும் பாண் 450 கிராம் இருத்தல் வேண்டும். கையில் எடுத்த மாத்திரத்தே அது எடை குறைந்தது என அறிபவள், பொருளியல் கல்லாவிடினும் பொருளியல் அறிந்தவளே.

அன்றியும், சிக்கனமாய் வாழும் வாய்ப்பு எல்லோருக்கும் சமமாகக் கிட்டுவதில்லை. இதனை அறியச் சுப்பர் மார்க்கற் எனப்படும் பேரங்காடியுள் ஒரு முறை நுழைந்து பார்த்தாற் போதும். பெரிய பொதியாக வாங்கினால் ஒரு கிலோவின் விலை குறையும். ஆனால் அதற்கு ஒரே வேளையிற் கொடுக்கப் பணம் வேண்டும். சில அங்காடிகள், குறித்த நாள்களிற் குறித்த வங்கிகளின் கடனட்டை வைத்திருப்போருக்குக் காய்கறியிலும் மீனிலும் விலைக்கழிவு வழங்குகின்றன. ஆனால் அந்த அட்டையைப் பெற நிலையான வருமானம் வேண்டும். நாட்கூலி பெறுபவளோ, அன்றைய கூலியோடு ஒழுங்கைக் கடைக்குச் சென்று நூறு கிராம் பருப்பும் ஒரு சிறு பொதி பால்மாவும் வாங்குகிறாள். சிறு பொதியில் ஒரு கிராமின் விலை பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும். கையிற் காசில்லாத நாளிற் கடைக்காரரின் கொப்பியிற் கடன் எழுதுவிக்கிறாள். கடன் தந்தவரிடம் விலை பேச அவளுக்கு வாய் வருமோ? ஆகவே, உள்ளவர் குறைந்த விலைக்கும் இல்லாதவர் கூடிய விலைக்கும் ஒரே பொருளை வாங்கும் விந்தை நம் கண்முன் நாளும் நிகழ்கின்றது. நாமும் மாதச் சம்பளக்காரரே. அக்கழிவைப் பெற்று மகிழ்ந்தவரே. நம் மகிழ்ச்சியைச் சிக்கனம் என்றும், அவள் இடரை ஊதாரித்தனம் என்றும் கூறுவது எவ்வளவு பெரிய அநீதி!

ஜேர்மனியப் புள்ளிவிபரவியலாளரான ஏர்ன்ஸ்ட் எங்கெல் 1857இல் ஓர் உண்மையை நிறுவினார். குடும்பம் எவ்வளவுக்கு வறியதோ அவ்வளவுக்கு அதன் வருவாயிற் பெரும் பங்கு உணவுக்கே செல்லும் என்பது அது. செல்வர் வீட்டில் உணவு விலை ஏறினால் உல்லாசப் பயணம் ஒன்று குறையும். நடுத்தர வீட்டிற் புதிய உடுப்பு ஒன்று குறையும். வறியவர் வீட்டிற் குறைப்பதற்கு உணவைத் தவிர வேறொன்றும் இல்லை. அங்கே சிக்கனம் என்பது உடம்பைச் செலவிட்டுப் பணத்தை மீதப்படுத்துவதாகும்.

இவ்விடத்தில் மணிமேகலைக் காப்பியத்து ஆபுத்திரன் கதை நினைவுக்கு வருகின்றது. எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபியைக் கையில் வைத்திருந்த ஆபுத்திரன், மனித நடமாட்டமற்ற மணிபல்லவத்தில் தனியே விடப்பட்டான். மணிபல்லவத்தை நமது நயினாதீவு எனக் கொள்வாரும் உளர். பல்லுயிர் காத்த பாத்திரத்தைத் தன்னுயிர் ஒன்றைக் காக்கப் பயன்படுத்த அவன் மனம் ஒப்பவில்லை. அதனைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்தான். அவன் உண்ணாமை அறமாயிற்று. ஏன்? அவன் கையிலிருந்த பாத்திரம் நிறைந்திருந்தது. உண்ணவும் உண்ணாதொழியவும் அவனுக்கு உரிமை இருந்தது. நம் மாணவியின் தாயும் உண்ணவில்லை. ஆனால், அவள் பானை வெறிதாயிருந்தது. தெரிவு செய்யும் உரிமை இருக்கும்போதே துறவு அறமாகும். அவ்வுரிமை இல்லாதவிடத்து அதன் பெயர் பசி. பசிக்குத் தியாகம் என்றும் சிக்கனம் என்றும் அழகிய பெயர் சூட்டுவோர், அப்பசிக்குப் பொறுப்பானவரைத் தப்பிக்க வைக்கின்றனர்.

அத்தாயின் அன்பை நாம் குறைத்து மதிக்கவில்லை. அவள் பிள்ளைகளுக்காகத் தன் பங்கை விட்டாள் என்பது உண்மையே. ஆனால், அப்பங்கை அவளே விடவேண்டும் என்பதை எந்நாளோ நம் சமூகம் முடிவு செய்து வைத்திருக்கின்றது. எல்லோரும் உண்டபின் எஞ்சியதை உண்பது பெண்ணின் இயல்பு என நாம் பழகிவிட்டோம். ஆதலால், நாட்டின் பற்றாக்குறை வீட்டுக்குள் நுழைந்ததும் எவரையும் கேளாது அவள் கோப்பையிற் போய் அமர்ந்துகொள்கின்றது.

நண்பர் ஒருவர் நம்மிடம், "விலையேற்றம் மழையும் வெயிலும் போன்றது, அதற்குக் குடை பிடிக்கலாமேயன்றி அதனோடு வழக்காட முடியுமா?" என்றார். விலை வானத்திலிருந்து பொழிவதன்று. 1953இற் பங்கீட்டு அரிசியின் விலை கொத்து ஒன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. உயர்த்தியவர்கள் மனிதர்கள். அவ்வாண்டு ஆகஸ்ட் 12ஆம் திகதி மக்கள் ஹர்த்தால் நடத்தினர். பலர் உயிரிழந்தனர், அமைச்சரவை துறைமுகத்தில் நின்ற போர்க்கப்பலொன்றிற் கூடிற்று, ஒக்டோபரிற் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். அரிசியின் விலை அறத்துக்கு உட்பட்டது என்பதை இந்நாட்டு மக்கள் அன்றே உரைத்துவிட்டனர்.

ஆயின், அரசு ஆணையிட்டால் மட்டும் போதும் எனக் கருதுவதும் பேதைமையே. 2022 ஆகஸ்டில் வெள்ளை முட்டை 43 ரூபா, சிவப்பு முட்டை 45 ரூபா என வர்த்தமானி வாயிலாக உச்ச விலை விதிக்கப்பட்டது. பல கடைகளில் அவ்விலைக்கு முட்டை கிடைக்கவில்லை. கோழித்தீவனத்தின் விலையையும் விநியோகத்தையும் கவனியாது முட்டையின் விலையை மட்டும் தாளில் எழுதினால், தாள் மட்டுமே மலிவாகும்.

அங்ஙனமாயின் செய்யத்தக்கது யாது? தனித்தனி அடுக்களைகளிற் புதைந்து கிடக்கும் அறிவைப் பொதுவாக்குவதே முதல் வழி எனலாம். ஒருத்தி வாங்கும் நூறு கிராம் பருப்புக்குச் சந்தையில் மதிப்பில்லை. ஒழுங்கையில் உள்ள ஐம்பது வீட்டார் சேர்ந்து வாங்கும் ஒரு மூடைக்கு மதிப்புண்டு. கூட்டுறவின் அடிப்படை இதுவே. 1957இற் பிலிப் குணவர்தன பல நோக்குக் கூட்டுறவுச் சங்கங்களைத் தோற்றுவித்த காலந்தொட்டு நம் ஊர்களிலும் சங்கக் கடைகள் வேரூன்றின. அரசியற் செல்வாக்கும் நிருவாகச் சீர்கேடும் அவற்றைப் பலவிடங்களில் நலிவித்தன. எனினும் அவற்றின் உறுப்பினர் நாமே. பொதுக்கூட்டத்துக்குச் செல்லாது வீட்டிலிருந்தவரும் நாமே. எடை குறைந்த பாணைக் கண்டு தனக்குள் முணுமுணுக்கும் பெண், அயல்வீட்டாரையும் கூட்டிச் சென்று தராசிலே நிறுத்துக் காட்டச் சொன்னால், அவள் சிக்கனம் அன்றே பொதுவறமாகின்றது. அதுபோல, வீட்டில் உள்ளது எவ்வளவு சிறிதாயினும் அதனை ஐந்தாகப் பங்கிடுமாறு கேட்பது ஆண்களின் கடமையும் பிள்ளைகளின் கடமையும் ஆகும். அதற்கு எவருடைய ஆணைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

நாம் இன்றும் வகுப்பிற் சிக்கனத்தைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்கிறோம். ஆனால் அதற்குமுன், விலை என்பது என்ன, அதனை யார் தீர்மானிக்கின்றனர், அது ஏறும்போது யார் பங்கு முதலிற் குறைகின்றது என்பவற்றைப் பற்றி ஒரு பாடவேளை பேசுகிறோம். அன்று அம்மாணவியின் கொப்பியைத் திரும்ப வாங்கி நமது திருத்தத்தை வெட்டிவிட்டோம். பிள்ளையின் கணக்கிற் பிழை இல்லை. பிழை எங்கே உள்ளது என்பதை அப்பிள்ளைகளோடு சேர்ந்து தேடுவதே இனி நம் வேலை.