பெயரும் நம்பிக்கையும்

 

கறி மசாலை அரைத்து விற்கும் நம் இளைஞரொருவர், தம் பொட்டலத்துக்கு ஒரு பெயரும் முத்திரையும் வேண்டி நம்மை நாடினால் நாம் செய்ய வேண்டியது யாது?

நபித்துவத்துக்கு முன்னரே மக்கத்து மக்கள் பெருமானார் (ஸல்) அவர்களை 'அல்-அமீன்' என்றழைத்தனர். நடத்தை தந்த பெயர் அது. மழையில் நனைந்த தானியத்தை அடியில் வைத்திருந்த வியாபாரியிடம், மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று அவர்கள் கண்டித்துக் கேட்டார்கள்.

ஆகவே, மேலே அச்சிட்ட எடையும் சேர்மானமும் உள்ளேயும் இருக்கட்டும். சிங்கப்பூரில் முயிஸ் 1978 முதல் ஹலால் சான்றிதழ் வழங்கி வருகிறது. அதைப் பெறுமுன் அம்முத்திரையை அச்சிட யோசனை சொல்வது உதவியாகாது. விண்ணப்பிக்க வழிகாட்டுவோம், நம் கடையில் ஓர் அலமாரித் தட்டும் ஒதுக்குவோம். அவர் தொழிலிலும் நம் தொழிலிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆமீன்.