அவைக்கண் உரைக்குந் திறம்



மடாலயங்களிற் கற்கும் மாணாக்கர் சிலர் எம்பால் வந்து, "ஐயா, ஏட்டிலுள்ள பொருள் எங்களுக்கு விளங்குகின்றது, அவையின் முன்னே எழுந்து நின்றால் ஒன்றும் வாயில் வருவதில்லை. இதற்கு யாங்கள் என் செய்தல் வேண்டும்?" எனப் பன்முறை வினவியிருக்கின்றனர். பொருள் நிரம்பக் கற்றும் சொல்லமாட்டாதார் பலராகவும், கல்லாதாரே மேடைகளை ஆள்வாராகவும் இருக்கும் இந்நாளில் அவ்வினாவைப் புறக்கணித்தல் தகாதென்று கருதி, இவ்விரிவுரையை அதற்கு விடையாக அமைத்தேம்.

நாவன்மை முற்பிறப்பின் தவத்தால் வாய்ப்பதேயன்றிப் பயிற்சியால் வருவதன்று என்பாரும் உளர். அற்றேல், திருவள்ளுவனார் சொல்வன்மைக்கும், அவையறிதலுக்கும், அவையஞ்சாமைக்கும் தனித்தனி ஓரதிகாரம் வகுத்தது பயனின்றாய் முடியும். ஆகலின் அக்கூற்றை விடுக்க.

இனி, சொல் பிறக்குமாறு யாது? அருணந்தி சிவாசாரியர் சிவஞானசித்தியார் சுபக்கத்து முதற் சூத்திரத்தில் வாக்கினை நான்கென வகுத்தோதினர். பிறர் செவிக்குக் கேட்குமாறு வெளிப்படுவது வைகரி. எழுத்துக்கள் முறைப்பட்டு உள்ளே ஓடியும் புறத்தார் செவிக்குப் புலனாகாதது மத்திமை. மயின்முட்டையின் நீரிற் பல நிறங்களும் பிரிவின்றி அடங்கியிருத்தல் போல, எழுத்தெல்லாம் வேறுபாடின்றி ஒடுங்கி நிற்பது பைசந்தி. அதற்கும் மூலமாய் ஒளிவடிவாய் நிற்பது சூக்குமை. சுத்தமாயையின் காரியமாகிய இந்நான்கினையும் தத்துவ ஆராய்ச்சிக்கே உரியனவென்று நம்மவர் ஓதிவிட்டு அப்பாற் செல்கின்றனர். சபையில் உரைப்பானுக்கும் இவை இன்றியமையாதன என்பது எம் துணிபு.

என்னை? அவைமுன் நாக்குழறி நிற்பான் தன் குற்றம் வைகரியில் உள்ளதென்று எண்ணுகின்றான். குரலைத் திருத்துகின்றான், கைவீசப் பழகுகின்றான், நகைச்சுவைத் துணுக்குகளைத் தேடித் தொகுக்கின்றான். ஒலிபெருக்கி வந்தபின் இம்மயக்கம் பின்னும் மிகுந்தது. மெலிந்த கருத்தும் அதனால் உரத்துக் கேட்கின்றதன்றோ? குற்றமோ பெரும்பாலும் மத்திமையின்கண் உள்ளது. பொருள் பைசந்தியில் ஒரு திரளாய்க் கிடக்கின்றது. அதனை உள்ளே நிரைப்படுத்தாமலே நாவிற்கு ஏற்றிவிடுகின்றான். நன்னூலார் ஆசிரியராதற்கு உரியரல்லாதார்க்குக் கூறிய உவமைகளுள் கழற்பெய்குடம் ஒன்று. கழற்காய் பெய்த குடத்தைக் கவிழ்த்தால், இட்ட முறையிற் காய் வெளிவாராது. எது வாய்க்கு நேர்ந்ததோ அது முன்னே விழும். நம் மேடைகளிற் கேட்கப்படுவன பல அக்குடத்தின் ஓசையே.

ஆதலால் மாணாக்கர்க்கு யாம் விதிக்கும் பயிற்சி பெரிதும் வாய்மூடிச் செய்வதாம். நாளைக்கு உரைக்க வேண்டிய பொருளுள் ஒன்றே ஒன்றைத் தேர்க. ஏட்டை மூடிவைத்து, ஆற்றுக்கு நீராடச் செல்லும்போது அதனை முதலிலிருந்து முடிவுவரை உள்ளத்துள்ளே சொல்லிச் செல்க. எவ்விடத்து அறுகின்றதோ அவ்விடமே நுமக்கு விளங்காத இடம். திரும்பி வந்து ஏட்டை அவ்விடத்திற் பார்க்க. பின்னர்ச் சாத்திரங் கல்லாத ஒருவர்க்கு அதனைச் சொல்லி, அவர் வாயால் அதனைத் திரும்பக் கேட்க. இம்மூன்றாவது படியை மாணாக்கர் வெறுப்பர். யாமும் இளமையில் வெறுத்தேம். அதன் பயனையும் நுகர்ந்தேம்.

சற்றேறக்குறைய நாற்பதாண்டுகட்கு முன்னர், காவிரிக்கரைச் சிற்றூர் ஒன்றின் கோயில் மண்டபத்தில் மும்மல இயல்பைப் பற்றித் தொடர்ந்து சில நாள் உரையாற்றினேம். கன்மமலம் உரைத்த நாளில் இரண்டு மணிநேரம் பேசினேம். சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என்னும் மூன்றனையும் தடைவிடைகளால் நிறுவினேம். முன்வரிசைப் புலவர்கள் தலையசைத்தனர். உரை முடிந்தபின், அக்கோயிலுக்குப் பூத்தொடுக்கும் மூதாட்டி ஒருத்தி எம்மை அணுகி, "சாமி, என் பிள்ளை போய் ஒரு வருஷமாயிற்று. அவன் வினை அவனை விட்டதா இல்லையா? நீங்கள் சொன்னதில் அது இருந்ததா? எனக்குப் பிடிபடவில்லை" என்றாள். யாம் மறுபடியும் சஞ்சிதத்தில் தொடங்கினேம். அவள் இடையில் ஒன்றும் கேளாமல் நின்று, முடிந்ததும் கும்பிட்டுப் போய்விட்டாள். மறுநாள் பூக்கூடை வந்தது. அவள் உரைகேட்க அமரவில்லை.

அவள் கேட்டது அச்சாத்திரத்தின் நடுவிலுள்ள வினா. யாம் கற்றதெல்லாம் அவ்வினாவுக்கு விடையாக எழுந்ததே. எம் நாவிலிருந்து வந்ததோ விடையன்று, கலைச்சொல். இன்று அவள் வினவினால், "தாயே, இவ்வுடம்பைக் கொண்டு நுகரவேண்டியதை அவன் நுகர்ந்து முடித்தான். விழுந்தது உடம்பு, உயிர் விழவில்லை. மீதி வினை இருந்தால் அதனை எப்போது, எவ்வளவு ஊட்டவேண்டுமென்று இறைவன் அறிவான். நீ சோறூட்டியது போலப் பக்குவம் பார்த்தே ஊட்டுவான். அவன் கைவிட்ட உயிர் ஒன்றுமில்லை" என்று சொல்லுவேம். இதில் சித்தாந்தத்திற்கு மாறாவது ஒன்றுமின்று; கலைச்சொல்லும் இல்லை. இச்சில வாக்கியங்களைத் தேட எமக்கு ஆண்டுகள் பல சென்றன. சில ஆண்டு கழித்து யாம் அவ்வூர்க்குச் சென்றபோது அவள் இல்லை.

எளிதிற் கூறின் புலமைக்கு இழுக்கென்று அஞ்சுவார் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலரை நோக்குக. அவர் 1847ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் வெள்ளிக்கிழமையன்று வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலிற் சைவப்பிரசங்கத்தைத் தொடங்கினார். அப்போது அவர்க்கு வயது 25. பாதிரிமார் நடத்திய பள்ளியில் இருந்து அவர்தம் பிரசங்க முறையை அருகே கண்டவராதலின், வாரந்தோறும் ஒரு நாள் குறித்துப் பொதுமக்கள் முன்னே உரைப்பதன் வலியை உணர்ந்திருந்தார். 1849இல் திருவாவடுதுறை ஆதீனம் அவர்க்கு நாவலர் என்னும் பட்டத்தை அளித்தது. நூல் பல இயற்றிப் பதிப்பித்த பேராசிரியர் ஒருவர் இன்றளவும் நாவின் பெயரால் வழங்கப்படுதலை மடாலயத்தார் மறத்தலாகாது.

பிறர்மதம் மறுக்குங்கால் வாய் கடுமையை நாடும். ஈண்டும் நமக்கு வழிகாட்டி சித்தியாரே. அதன் பரபக்கம் 14 மதங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றனையும் முதற்கண் அம்மதத்தார் கொள்ளுமாறே நிறுத்திப் பின்னரே மறுக்கின்றது. எதிரி தன் கொள்கையை நும் வாயிற் கேட்டு, "ஆம், யான் கூறுவது இதுவே" என்று ஒப்புமளவும் மறுக்கத் தொடங்கற்க. இதனைச் செய்பவர் அரியர். யாமும் எப்போதும் செய்தேமல்லேம்.

அருணந்தியார்தாம் சகலாகமபண்டிதர் எனப் பெயர் படைத்து, மாணாக்கர் சூழத் திருவெண்ணெய்நல்லூருக்குச் சென்று, ஆணவமலத்தின் சொரூபம் யாதென வினவியபோது, இளம்பருவத்தராகிய மெய்கண்டதேவர் வாய்திறவாது அவர் நின்ற நிலையையே சுட்டினர் என்பது நம் மரபில் வழங்கும் வரலாறு. 12 சூத்திரங்களாகச் சிவஞானபோதம் அருளியவர்க்குச் சொல் இல்லாமலா போயிற்று? கேட்டார்க்கு அந்நேரத்தில் எது செல்லும் என்பதனை அறிந்திருந்தார். வாக்கு நான்கும் பிறக்குமாறு பின்னாளில் நமக்கு உரைத்தவர், அன்று சொல்லின்றி விடைபெற்ற அப்பண்டிதரேயாவர்.

திருச்சிற்றம்பலம்.