பழம்படைக்கலந் தொகுத்தலும் பற்றும்

மக்கள் தத்தமக்கு விருப்பமாயின பொருள்களைத் தேடித் தொகுத்து வைத்தல் உலகியல்பு. ஏடு தொகுப்பாரும், காசு தொகுப்பாரும், அஞ்சற்றலை தொகுப்பாரும் பலர். அவர் போலவே பழைய பீரங்கித் தோட்டாக்களைத் தொகுத்துப் பேணுவாரும் உளர். அத்தோட்டாவாவது, வெடிமருந்தை உள்ளடக்கி, அடியில் தீப்பற்றவைக்குஞ் சிறு குமிழும் வாயிற் குண்டும் பொருந்தப் பெற்ற பித்தளைக் கூடாம். வெடித்தவளவிற் குண்டு பறந்தொழியக் கூடு பின்னே தங்கிவிடும். அதனடியிற் பொறித்த ஆண்டும், பட்டறைக் குறியும், பீரங்கியின் வாயளவுங் கண்டு, அரியது இது எளியது இது என வகுத்து, துலக்கி வரிசைப்பட வைப்பர். கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்டார்க்கு இச்செயல் ஒக்குமோ, ஒவ்வாதோ என்பது ஈண்டு ஆராயற்பாலது.

ஒக்கும் என்பார் கூறுமாறு: "பித்தளை சடம், சடத்திற்கு வினையில்லை. தோட்டாக் கூட்டிற்குரிய பித்தளை நூற்றுக்கு எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமுமாம். நாச்சியார்கோயிற் கம்மியர் வார்க்குங் குத்துவிளக்கும் அவ்விரண்டின் கலப்பேயன்றி வேறன்று. ஒன்று திருமுன் ஒளிர, மற்றொன்று போர்க்களத்து முழங்கிற்றெனின், அவ்வேறுபாடு ஏவியவன்பாலதே, உலோகத்தின்பாலதன்று. அன்றியும், தஞ்சைக் கீழவாயிலை அடுத்த பீரங்கி மேட்டிற் கிடக்கும் இராசகோபாலப் பீரங்கியைக் காண்மின். 17-ஆம் நூற்றாண்டில் இரகுநாத நாயக்கர் காலத்தில் இயன்ற அது, ஏறக்குறைய 25 அடி நீளமுடையது. எடை 22 டன் அளவினதென மதிப்பிடப்படுவது. வார்ப்பன்று, நீண்ட இரும்புப் பட்டைகளை உருளையாக அமைத்து, அவற்றின்மேற் காய்ச்சிய இரும்பு வளையங்களை நெருங்க மாட்டி அடித்துப் பொருத்தியது. அதனைப் பேணாதொழியின் அக்கொல்லர்தங் கைத்திறனை அறியுமாறு யாங்ஙனம்?" என்பர்.

இவ்வுரை முற்றும் பொய்யன்று. பேணாமையால் வந்த கேட்டிற்குத் தஞ்சையே சான்று. 1855-இல் மராட்டிய அரசு முடிவுற்றபின், அரண்மனைப் படைக்கலக் கொட்டிலிலிருந்தவற்றுட் சில தெரிந்தெடுத்துச் சென்னை அருங்காட்சியகத்திற்கு அனுப்பப்பட்டன. எஞ்சிய பெரும்பகுதி உடைக்கப்பட்டுப் பழவிரும்பாக விலைப்பட்டது. பல தலைமுறைக் கொல்லர்தம் உழைப்பு அங்ஙனம் மறைந்தது. எனினும், அதனால் நாட்டிற் கொலை குறைந்ததென்பார் யாருமிலர். ஆகலின், கருவியை அழித்தலே அறமாம் என்பது பொருந்தாது.

எனினும், சடத்திற்கு வினையில்லை என்ற அளவில் வினா முடிந்ததாகாது. தொகுப்பவன் சடமல்லனன்றோ? அவன் உள்ளத்து நிகழ்வதே ஈண்டு நோக்கற்பாலது.

கூடு தங்குவது எய்தவன் பக்கத்து. குண்டு சென்று வீழ்வது ஏற்றவன் பக்கத்து. ஆகவே அலமாரியில் ஒளிரும் வரிசை, நிகழ்ச்சியின் ஒரு பாதியையே காட்டுவதாம். மறுபாதி எரிந்த வீடும் இறந்த உடலுமாய் மறைந்தது. 1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாளிரவு, எம்டன் என்னுஞ் செருமானியக் கப்பல் சென்னைமீது ஏறத்தாழ 130 குண்டுகளை வீசிற்று. எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றின, உயிர்ச்சேதமும் நேர்ந்தது. அக்குண்டின் சிதறலொன்று சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் உளது. அது துலக்கிய பித்தளையன்று, கிழிந்த இரும்பு. ஏற்றவர் பக்கத்துச் சான்று அதுவேயாம். அதனைக் காண்பான் அழகென்று கூறான், அஞ்சுவான், இரங்குவான். தொகுப்பவன் தன் கூட்டினை நோக்குங்கால் இவ்விரும்பினையும் உடனினைவனேல் அவன் பேணல் அறிவாம். நினையானேல் வெறும் பற்றாம்.

வினையின் இயல்பும் இத்தகையதே. செய்த செயல் அப்பொழுதே கழியும். அதன் எச்சமோ செய்தானிடத்துத் தங்கும். எச்சத்தைக் கண்டு செயலை அறிந்து அஞ்சுதல் ஞானத்திற்கு வாயில். எச்சத்தையே செல்வமென்று எண்ணுதல் மயக்கம்.

இன்னுமொன்று. விலை கொடுப்பார் உளராயின், பொறுக்குவாரும் உளராவர். படைப்பயிற்சித் திடல்களை அடுத்த சிற்றூர்களில், வெடியாத குண்டுகளை உலோகத்தின் பொருட்டு எடுத்து உடைத்த ஏழைகள் உயிரிழந்த நிகழ்ச்சிகள் இந்நாட்டிற் பலமுறை நேர்ந்துள. ஒருவன் விருப்பம் பிறனொருவன் சாவிற்கு ஏதுவாமெனின், 'யான் கொன்றிலேன்' என்றல் அவனுக்கு விடையாகாது. ஆதலின் பொருள் வந்த வழியை ஆராயாது கொள்ளுதல் குற்றமேயாம். மருந்து நீங்காத தோட்டாவை இல்லத்து வைத்தலோ அரசின் சட்டத்திற்கும் அயலார் உயிர்க்கும் ஒருங்கே தீங்காம்.

படைக்கலத்தோடு வாழ்ந்தும் அதனாற் பற்றப்படாதிருத்தல் கூடுமோ எனின், கூடும் என்பதற்குக் காவிரி நாட்டு எயினனூர் ஏனாதிநாத நாயனார் வரலாறே சான்று. வாட்பயிற்சி கற்பித்தல் அவர் தொழில். பகைவனாகிய அதிசூரன் வஞ்சனையால் திருநீறணிந்து எதிர்நின்று, கேடகத்தான் மறைத்த நெற்றியைக் காட்டினான். கண்ட நாயனார் பொருதலை ஒழிந்தார். ஆயினும் வாளையுங் கேடகத்தையும் நீத்திலர். படைக்கலமிலானைக் கொன்றான் என்னும் பழி அவனைச் சாராதிருத்தற்பொருட்டு, அவற்றைக் கையிற் கொண்டவாறே நின்று உயிர் நீத்தாரென்று பெரியபுராணங் கூறும். கை வாளைப் பற்றியிருப்பவும் உள்ளம் அதனைப் பற்றிற்றிலது. தம்மைக் கொல்வானது பழிக்கும் இரங்கிற்று.

இதனால் துணிபு யாதெனின்: பழம்படைக்கலம் பேணல் தன்னளவிற் பாவமன்று, அறமுமன்று. பொதுக்காட்சியில் வைக்குங்கால் 'எனது' என்னும் எண்ணம் நுழைதற்கு இடஞ்சிறிது. இல்லத்து வைக்குங்கால் இடம் பெரிது. தொகுப்பவன் தன்னைத்தான் ஆராயும் வழி ஒன்றுண்டு. தன் வரிசையுள் மிக அரியதொன்றனை அருங்காட்சியகத்திற்கு ஈக எனினும், குத்துவிளக்கு வார்ப்பானுக்கு ஈக எனினும், வருத்தமின்றி ஈயவல்லனோ என்று தன்னெஞ்சை வினவுக. வல்லனேல், பொருள் அவன்பால் உளது. மாட்டானேல், அவன் பொருளின்பால் உளன். ஈந்தபின்னும் 'யான் துறந்தேன்' என்னுஞ் செருக்கு எழுமாயின், அதுவும் துடைக்கப்படுவதோர் அழுக்கென்று அறிக. தோட்டாவே அன்றி ஏட்டுச்சுவடி தொகுப்பார்க்கும் இஃதொக்கும்.

சிவம் பெருகுக.