மடிப்பவர் யார்?

(இடம்: அன்னவாசலை அடுத்த சித்தன்னவாசல் மலை, ஏழடிப்பட்டத்துக் கற்படுக்கைகள்.)

சீடன்: ஐயா, நியூக்ளிக் அமிலத்தில் இருப்பது எழுத்து வரிசை. ரைபோசோம் அதைப் படித்து அமினோ அமிலங்களைக் கோக்கிறது. அதுவரை சரி. ஆனால் ‘இங்கே வளை, அங்கே மடங்கு’ என்று டி.என்.ஏ.யில் ஓர் எழுத்தும் கிடையாதே. நீண்ட சங்கிலியை மடித்து, வேலை செய்யும் புரதமாக்குவது யார்?

குரு: யாருமில்லை, தம்பி.

சீடன்: இந்தப் படுக்கைகளில் கிடந்த சமணத் துறவிகளும் உலகைப் படைத்தவன் இல்லை என்றுதான் சொன்னார்கள்.

குரு: அவர்களைச் சாட்சிக்கு இழுக்காதே. அவர்கள் பேசியது உலகத்தைப் பற்றி, நாம் பேசுவது ஒரு மூலக்கூற்றைப் பற்றி. இதற்கு ஆய்வுக்கூடத்திலேயே சாட்சி உண்டு. கிறிஸ்டியன் ஆன்ஃபின்சன் ரைபோநியூக்ளியேஸ் என்ற நொதியை யூரியாவில் இட்டு, அதன் கந்தகப் பிணைப்புகளையும் அறுத்து வெறும் இழையாக்கினார். யூரியாவை நீக்கிக் காற்றுப்பட வைத்ததும் அது பழைய வடிவுக்குத் திரும்பி வேலையைத் தொடங்கிவிட்டது. 1972இல் அவருக்கு நோபல் கிடைத்தது.

சீடன்: ‘தானே மடிந்தது’ என்பது விளக்கமாகுமா? நூறு அமினோ அமிலம் உள்ள சிறு சங்கிலியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்றே நிலை என்றாலும், மொத்த வடிவங்களை எழுத 5 போட்டு அதன்பின் 47 சுழி போட வேண்டும். நொடிக்குப் பத்து லட்சம் கோடி வடிவங்களைச் சோதித்தாலும் அண்டத்தின் வயது போதாது. சைரஸ் லெவிந்தால் 1969இல் எழுப்பிய சிக்கல் இதுதான். சிறு புரதங்களோ ஒரு நொடிக்குள் மடிந்துவிடுகின்றன. வழி தெரிந்த ஒருவர் வேண்டாமா?

குரு: வழி காட்டுபவரைத் தேடுகிறாய். எத்தனை வழி அடைபட்டிருக்கிறது என்று முதலில் கேள். கயிறு திரிப்பதைப் பார்த்திருப்பாய். நாரை ஒரு பக்கமாக முறுக்கினால் புரி. மூன்று புரிகளைக் கூட்டி எதிர்ப்பக்கமாக முறுக்கினால் கயிறு. ஒரு முறுக்கு அவிழப் பார்த்தால் மற்றது இறுகும். எந்த நார் எங்கே படுக்க வேண்டும் என்று திரிப்பவர் சொல்வதில்லை. போக முடியாத இடத்துக்குப் போகாமல் மிஞ்சிய இடத்தில் படுக்கிறது.

நம் உடம்பில் மிகுதியாக உள்ள புரதமான கொலாஜன் அச்சு அசல் இந்தக் கயிறேதான். ஜி. என். ராமச்சந்திரன் 1952இல், முப்பதை எட்டும் வயதில், சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தார். அங்கே வந்த ஜே. டி. பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் பிடிபடவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். 1954இல் ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கங்காரு வாலின் தசைநாணை எக்ஸ்-கதிரில் ஆராய்ந்து மூன்றிழைச் சுருளை முன்வைத்தார்கள். மூன்றும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொள்வதாக அடுத்த ஆண்டு திருத்தினார்கள். தனி இழை இடச்சுருள், மூன்றும் சேர்ந்த முறுக்கு வலம். நடுவில் இடமே இல்லை. அதனால் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறிய கிளைசின்தான் உட்கார முடியும்.

கேம்பிரிட்ஜிலிருந்து ஃபிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் மறுத்தார்கள். சென்னை மாதிரியில் சில அணுக்கள் மிதமிஞ்சி நெருங்குகின்றன என்றார்கள். ஹைட்ரஜன் பிணைப்புக் கணக்கில் அவர்கள் சொன்னதே பின்னால் நின்றது. மூவிழை என்ற அடிப்படை சென்னையுடையது. மறுப்பைக் கேட்டு ராமச்சந்திரன் முகம் சுளித்துக்கொண்டு உட்கார்ந்துவிடவில்லை. அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம் என்று, அதுவரை தெரிந்த படிகங்களில் இருந்த இடைவெளிகளைத் திரட்டத் தொடங்கினார். அதன் விளைச்சல்தான் சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் 1963இல் வெளியிட்ட படம். பெப்டைடு பிணைப்பு தட்டையானது, திரும்பாது. சங்கிலியின் முதுகெலும்பில் ஒவ்வொரு அமினோ அமிலத்துக்கும் இரண்டு பிணைப்புகள் மட்டுமே தாராளமாகத் திரும்பும். அந்த இரு கோணங்களையும் கட்டமாக்கி, அணுவோடு அணு மோதும் இடங்களையெல்லாம் கழித்தார்கள். நான்கில் மூன்று பங்குக்கு மேல் போய்விட்டது. வேதியியலர் பாலிங் 1951இல் சொன்ன ஆல்ஃபா சுருளும் பீட்டா தாளும் மிச்சமிருந்த தீவுகளில்தான் இருந்தன. கொலாஜன் இழையும் அங்கேதான். இன்றும் புதிய புரதத்தின் அமைப்பைக் கண்டால் இந்தப் படத்தில் வைத்துச் சரிபார்க்கிறார்கள்.

சீடன்: ஐயா, என் 47 சுழி?

குரு: மறக்கவில்லை. கழித்த பின்னும் உன் மூன்று நிலைகள் மிஞ்சும். படம் மட்டுமே உனக்குப் பதிலாகாது. ஒவ்வொரு முயற்சியும் முந்தையதைக் கலைத்துவிட்டுத் தொடங்குவதாக எடுத்துக்கொண்டாயே, பிழை அதில்தான் இருக்கிறது. ஒரு சாண் கயிறு திரிந்துவிட்டால் அடுத்த சாணுக்கு யாரும் அதை அவிழ்ப்பதில்லை. சங்கிலியிலும் எண்ணெய்த் தன்மையுள்ள பகுதிகள் நீரை விட்டு உள்ளே ஒதுங்கும். சிறு சுருள் ஒன்று அமைந்தால் அதை ஒட்டிய அடுத்த திருப்பம் எளிதாகும். ஆற்றல் படிப்படியாகக் குறைந்துகொண்டே போகும்.

சீடன்: கயிற்றுக்குத் திரிக்கும் கை உண்டே?

குரு: இங்கே நீரின் வெப்ப அசைவுதான் கை. அது எல்லாப் பக்கமும் தள்ளும். போகக்கூடாத பக்கங்களில் அந்தத் தள்ளல் வீணாகிவிடும்.

சீடன்: செல்லுக்குள் மடிய உதவும் துணைப்புரதங்கள் இருக்கின்றனவாமே?

குரு: அரைகுறையாக மடிந்தவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் காப்பவை அவை. வடிவம் கற்பிப்பவை அல்ல.

சீடன்: புரத வடிவைக் கணிக்கும் கணினி நிரலான ஆல்ஃபாஃபோல்ட்?

குரு: முடிந்த வடிவைச் சொல்லும், மடிந்த வழியைச் சொல்லாது. மேலே கேள்.

சீடன்: அப்படியானால் வடிவில் நியூக்ளிக் அமிலத்துக்குப் பங்கே இல்லையா?

குரு: கிளைசின் எங்கே வர வேண்டும் என்பதை வைத்திருப்பது அதுதானே! கிளைசினுக்கு உரிய மூவெழுத்துகள் நான்கும் ஜி.ஜி. என்றே தொடங்கும். மூன்றாம் எழுத்து எதுவானாலும் குற்றமில்லை. ஆனால் ஜி.ஜி.சி.யின் முதல் எழுத்து மாறி ஏ.ஜி.சி. ஆனால் செரின் வந்துவிடும். செரினும் சிறியதுதான், ஆயினும் கயிற்றின் நடுவே அதற்கு இடமில்லை. முறுக்கு அங்கே நெகிழும். எலும்பில் உள்ள முதலாம் வகைக் கொலாஜனில் இது நேர்ந்தால், சிறு அடிக்கும் எலும்பு முறியும் பிறவிநோய் வரும். மூன்றாம் எழுத்துக்கு மட்டும் ஏன் சலுகை என்பாய். சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் (முன்பு சொன்னவர் வேறு ராமகிருஷ்ணன்) ரைபோசோமின் சிறிய பகுதியின் அமைப்பை 2000இல் தம் குழுவோடு கண்டறிந்தார். 2009இல் நோபல் பரிசைத் தாமஸ் ஸ்டைட்ஸ், ஆடா யோனத் ஆகியோருடன் பகிர்ந்துகொண்டார். அந்தச் சிறிய பகுதியில் ரைபோசோமின் சொந்த ஆர்.என்.ஏ.யைச் சேர்ந்த சில காரங்கள் நீட்டிக்கொண்டு, முதல் இரண்டு எழுத்துகளும் சரியாக இணைந்தனவா என்று ஒட்டிப் பார்க்கின்றன. மூன்றாவதை அவ்வளவு கறாராகப் பார்ப்பதில்லை.

சீடன்: அந்த ஆர்.என்.ஏ.யை மடித்தது யார், ஐயா?

குரு: அங்கேயும் மோதல்களும் ஈர்ப்புகளும்தான். ஒன்று மட்டும் வேறு: புரதத்தின் ஓர் அலகில் இரண்டு கோணங்கள் திரும்பினால், ஆர்.என்.ஏ.யின் முதுகெலும்பில் ஓர் அலகுக்கு ஆறு. அதற்கும் ராமச்சந்திரன் படம் போல ஒன்று வரைய வேண்டுமானால் தாளில் அடங்காது.