காட்டுவதும் காண்பதும்

கண்ணுக்குத் தானே காணும் ஆற்றல் இல்லையென்றும், உயிர் அதனோடு கலந்து நின்று பொருளைக் காட்டியும், காட்டியபின் விலகிவிடாமல் தானும் உடன் கண்டும் உதவுவதாலேயே காட்சி நிகழ்கிறதென்றும், அவ்வாறே இறைவனும் உயிருக்குக் காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என்ற இரண்டையும் செய்கிறான் என்றும் சிவஞான போதத்தின் 11ஆம் சூத்திரத்துக்கு உரை கண்டோர் விரிப்பர். இந்தச் சித்தாந்த விசாரத்துக்கும் ராயபுரத்துப் பக்கம் ஓ.பி. சீட்டோடு காத்திருக்கும் ஜனங்களுக்கும் சம்பந்தம் உண்டென்றே எனக்குத் தோன்றுகிறது.

1782ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் கஞ்சி வார்த்த மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்ததனால் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று பெயர் பெற்ற ஸ்டான்லி மருத்துவமனைக்குக் காசிமேட்டு மீனவரும் துறைமுகத்துச் சுமைக்காரரும் வருகிறார்கள். வியர்வையில் நைந்த சீட்டைத் தொலைத்துவிட்டு, தின்ற மாத்திரையை நிறத்தால் மட்டும் சொல்லத் தெரிந்த ஒருவர், அடுத்த மாதம் வேறொரு வைத்தியர் முன் தம் வியாதியின் சரித்திரத்தை ஆதியிலிருந்து தொடங்கும் அவலத்தைக் கணினிப் பதிவு நீக்கக்கூடும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டமும், அடுத்த மாதமே வந்த ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தின் 14 இலக்கச் சுகாதார அடையாள எண்ணும் இந்த வழியில் வைத்த அடிகளே. ஏழையின் ஞாபகத்தைத் தாங்க ஒரு யந்திரம் வருவதை இகழ்வது, வீட்டில் கோப்பு வைத்துக்கொள்ள வசதியுள்ளவர்களின் ரசனை.

ஆயினும் யந்திரம் செய்வது காட்டும் உபகாரம் ஒன்றே. அதுவும், கேட்டு எழுதியதை மட்டுமே அது காட்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோது மீனவர் அதில் இறங்கிக் கையால் அள்ளினார்கள். அம்மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்துக் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, மூச்சுத் திணறிய பலர் மருத்துவமனைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அந்தக் கடற்கரையிலிருந்து ஒருவர் அரிப்போடோ இருமலோடோ வந்தால், திரை அவருடைய சுகரையும் பிரஷரையும் பிழையின்றிச் சொல்லும், எண்ணெயில் நின்ற கதையை, “என்ன வேலை பாக்கிறீங்க?” என்று எவரேனும் முகம் பார்த்துக் கேட்டிருந்தாலன்றிச் சொல்லாது.

அந்தக் கேள்விக்கு அவகாசம் வேண்டும். வரிசை வாசல்வரை நீள, தட்டச்சும் தம் தலையிலேயே விழ, திரைக்குத் திரும்பிய முகத்தை நோயாளியிடம் திருப்பு என்று வைத்தியருக்கு மட்டும் உபதேசிப்பது எளிது. பதிவேற்றத் தனி ஆளையும், தொழிலையும் குடியிருப்பையும் குறிக்கப் படிவத்தில் ஓர் இடத்தையும் கொடுக்காத நிர்வாகத்துக்கே அந்த உபதேசம் முதலில் உரியது.