நன்மையின் விலையை யார் செலுத்துவது?

நன்மை எது என்று அறிவது ஒரு வினா. அந்நன்மையின் செலவை யார் ஏற்பது என்பது மற்றொரு வினா. முதல் வினாவுக்கு விடை கண்டவுடன் இரண்டாவதற்கும் விடை கிடைத்துவிட்டதாக நாம் எண்ணிக்கொள்வதுண்டு. குளிர்நாடுகளில் வீட்டைச் சூடாக்கும் முறை குறித்து அண்மை ஆண்டுகளில் எழுந்துள்ள விவாதம், இவ்விரு வினாக்களையும் பிரித்தறியவேண்டிய தேவையை நமக்கு நன்கு உணர்த்துகிறது.

வெயிலில் வாழும் நமக்கு வீட்டைச் சூடாக்குவது ஓர் ஆடம்பரமாகத் தோன்றலாம். ஆனால் ஆஸ்லோவிலும் டொரொன்டோவிலும் குடியேறி வாழும் நம் உறவினரைக் கேட்டால், குளிர்காலத்தில் வெப்பம் உணவுக்கு நிகரான தேவை என்பர். இத்தேவைக்காக அந்நாட்டு மக்கள் விறகையும் நிலக்கரியையும், பின்னர் எண்ணெயையும் எரிவாயுவையும் எரித்து வந்தனர். அவ்வாறு எரிப்பதால் எழும் கரியமில வாயு உலகையே வெப்பமாக்குகிறது என்பது இன்று ஐயத்திற்கிடமற்ற உண்மை. எனவே எரிக்காமலேயே வீட்டைச் சூடாக்கும் வெப்பப் பம்பு என்னும் கருவி பரவி வருகிறது.

இதன் செயல்முறை நமக்கு அந்நியமானதன்று. நம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் பின்புறம் கை வைத்தால் சூடு தெரியும். உள்ளிருந்து எடுத்த வெப்பத்தை அப்பெட்டி வெளியே தள்ளுகிறது. வெப்பப் பம்பு வெளிக்காற்றிலோ நிலத்தடியிலோ உள்ள வெப்பத்தை எடுத்து வீட்டினுள் தள்ளுகிறது. கிணற்றுப் பம்பு நீரைப் படைப்பதில்லை. இருக்கும் நீரை மேலேற்றுகிறது. அதுபோலவே இதுவும் இருக்கும் வெப்பத்தை ஏற்றித் தருகிறது. ஆதலால் ஒரு பங்கு மின்சாரம் செலவிட்டு ஏறத்தாழ மூன்று பங்கு வெப்பம் பெற இயலுகிறது. உறைபனிக் காற்றில் வெப்பம் ஏது என்று கேட்கலாம். பூச்சியத்திற்குக் கீழ் 273 பாகைவரை இறங்கினாலன்றிப் பொருளில் வெப்பம் முற்றிலும் இல்லாது போவதில்லை. கடுங்குளிரில் கருவியின் திறன் குறையும் என்பது மெய்யே. ஆயினும் பயனற்றுப் போவதில்லை.

இக்கருத்தைக் கெல்வின் பிரபு 1852-இலேயே விளக்கினார். சூரிக் நகரின் மன்றக் கட்டடம் 1938-இல் ஆற்று நீரிலிருந்து வெப்பம் பெறத் தொடங்கியது. ஐரோப்பாவில் வீடுகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட, வெப்பப் பம்புகள் மிகுதியாக உள்ள நாடுகள் நார்வே, சுவீடன், பின்லாந்து ஆகிய கடுங்குளிர் நாடுகளே. கட்டடங்களைச் சூடாக்கக் கனிம எண்ணெய் எரிப்பதை நார்வே 2020 முதல் தடை செய்தது. வெப்பம் கசியாத சுவர்களும் தூய்மையான மின்சாரமும் உடனிருந்தால் இக்கருவி நல்லது என்பதில் ஐயமில்லை. இவ்வாறு முதல் வினாவுக்கு விடை கிடைத்துவிட்டது.

இரண்டாம் வினாவோ ஜெர்மனியில் பெரும் கொந்தளிப்பாக எழுந்தது. புதிதாகப் பொருத்தப்படும் வெப்பக் கருவி தன் ஆற்றலில் 65 விழுக்காட்டையேனும் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறவேண்டும் என்னும் சட்டம் 2023-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2024 சனவரி முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. இயங்கிக்கொண்டிருக்கும் கொதிகலன்களை உடனே அகற்றுமாறு சட்டம் கூறவில்லை. எனினும் மக்கள் அஞ்சினர், சினந்தனர். 2025-இல் ஆட்சியமைத்த கட்சிகள் அச்சட்டத்தையே நீக்கப்போவதாகத் தம் உடன்படிக்கையில் எழுதிக்கொண்டன.

அம்மக்கள் அனைவரும் தன்னலத்தால் எதிர்த்தனர் என்று கூறிவிடலாமா? புனித தோமா அக்குவினார் சட்டத்தின் நீதியை ஆராய்கையில் கூரிய வேறுபாடு ஒன்றைக் காட்டுகிறார். சட்டத்தின் நோக்கம் பொதுநன்மையாக இருந்தால் மட்டும் போதாது. அது சுமத்தும் சுமைகள் அவரவர் நிலைக்கேற்ற அளவில் பகிரப்படவும் வேண்டும். நோக்கம் நன்றாயினும் பகிர்வு கோணினால் சட்டம் நீதி பிறழ்ந்ததாகிறது. ஏழு நூற்றாண்டுகளுக்கு முன் வகுக்கப்பட்ட இவ்வளவுகோல் இன்றைய கொதிகலனுக்கும் பொருந்துகிறதன்றோ?

இவ்வளவுகோலைக் கொண்டு மூவரை நோக்குவோம். முதலாமவர் வாடகைக்குக் குடியிருப்பவர். எரிபொருள் கட்டணம் அவருடையது. கருவியைத் தெரிவு செய்யும் உரிமையோ வீட்டு உரிமையாளருடையது. இரண்டாமவர் பழைய வீடொன்றில் ஓய்வூதியத்தால் வாழும் முதியவர். செலவழித்த பணம் சேமிப்பாகத் திரும்பி வரும் நாள்வரை தாம் வாழ்வோமா என்பதே அவர் கவலை. மூன்றாமவர் எரிவாயுக் குழாயில் கடைசியாக எஞ்சியிருப்பவர். வசதி படைத்தோர் ஒவ்வொருவராக விலக, அக்குழாய்களைப் பராமரிக்கும் செலவு எஞ்சிய சிலரின் தலையில் விழுகிறது. அவர் எத்தவறும் செய்யவில்லை. முந்திச் செல்லப் பணமில்லை, அவ்வளவே.

ஜெர்மனி இதனை ஓரளவு உணர்ந்தது. 2024-இல் வகுக்கப்பட்ட உதவித் திட்டத்தின்படி, வீட்டில் தாமே குடியிருப்போருக்கு அடிப்படையாக 30 விழுக்காடும், வரிக்குரிய ஆண்டு வருவாய் 40,000 யூரோவுக்கு மேற்படாத குடும்பங்களுக்கு மேலும் 30 விழுக்காடும் கிடைத்தன. உச்சவரம்பு 70 விழுக்காடு. புதிய கருவியைக் காரணங்காட்டி வாடகையைச் சதுர மீட்டருக்கு மாதம் 50 சென்ட்டுக்கு மேல் உயர்த்தலாகாது என்றும் சட்டம் வரம்பு கட்டியது. போற்றத்தக்க ஏற்பாடுகள் இவை. ஆயினும் 30,000 யூரோ செலவில் உச்சவரம்பு உதவி பெற்றவரும் 9,000 யூரோவைத் தாமே தேடவேண்டும். செல்வருக்கு அது ஒரு கோடைச் சுற்றுலாவின் செலவு. ஏழை முதியவருக்கோ பல ஆண்டுச் சேமிப்பு.

எனில், ஏழையின் பெயரால் எல்லாரும் காத்திருக்கலாமா? இங்கேதான் நம் மனச்சான்று விழித்திருக்க வேண்டும். ஏழையின் இயலாமை ஏழைக்கு மட்டுமே காரணமாகும்; இயன்றவருக்கு அது கேடயமாகலாகாது. 'எளியோர் என்ன செய்வார்' என்று உரத்துக் குரல் கொடுப்போருள் எத்தனை பேர் எளியோர்? தம் கொதிகலனை மாற்றப் பணமிருந்தும், அயலாரின் வறுமையைக் காட்டித் தம் கடமையைத் தள்ளிப்போடுவது, வறியவரை இரண்டாம் முறை சுரண்டுவதாகும். தாமதத்தால் விளையும் வறட்சியும் வெள்ளமும் முதலில் தாக்குவதும் உலகின் ஏழைகளைத்தான்.

ஆகவே நாம் இவ்வாறு முடிவு செய்யலாம்: கடமை அனைவருக்கும் உண்டு, ஆனால் அது வரிசையாக வருகிறது. இயன்றவர் முதலில் செல்லவேண்டும். தம் செலவிலேயே செல்லவேண்டும். பின்வருபவருக்கு வழியமைத்துத் தரவும் வேண்டும். முந்திச் சென்றோர் குழாயில் விட்டுச்சென்ற செலவைப் பின்தங்கியோர் மேல் சுமத்தாது பொதுச் சுமையாக ஏற்பது சலுகையன்று, நீதி.

குளிர்நாட்டுக் கதை நமக்கு எதற்கு என்று எண்ணவேண்டாம். நம் ஊரிலும் பங்கிலும் ஒரு நற்பணிக்குத் தலைக்கு இவ்வளவு என வரி விதிக்கும் போதெல்லாம் இதே வினா எழுகிறது. பணி நல்லதா என்று கேட்ட பின், கையில் எதுவுமற்ற வீட்டின் வாசலில் நின்று மற்றொரு முறையும் கணக்குப் பார்ப்போம். நம் நீதி அங்கேதான் சோதிக்கப்படுகிறது.