அறிந்தவர் கடன்

கல்முனைக் கரையோரத்தில், மருதமுனை முதல் அக்கரைப்பற்று வரை, மத்தியகிழக்குக்குப் பிழைப்புத் தேடிச் சென்ற ஒருவரேனும் இல்லாத குடும்பங்கள் குறைவு. அப்பயணத்தின் முதற்படி 'மெடிக்கல்'. பயணம் போகவிருப்பவர் கையை நீட்டுகிறார், இரத்தம் எடுக்கப்படுகிறது. அதில் எச்.ஐ.வி. இருப்பதாகத் தெரிந்தால் வளைகுடா நாடுகளின் கதவு அவருக்கு மூடிவிடும். 'மெடிக்கல் பெயில்' என்ற இரண்டு சொற்களோடு அவர் ஊர் திரும்ப வேண்டும். தம் இரத்தத்தில் எது தேடப்படுகிறது என்பதை விளங்கிக்கொண்டு கையை நீட்டுவோர் எத்தனை பேர்? ஒரு மனிதரின் உடலிலிருந்து அறிவைப் பெற்றுக்கொண்டவர்கள் அந்த மனிதருக்கு என்ன கடன்பட்டிருக்கிறார்கள்?

இவ்வினாவை ஆராய்வதற்குச் சென்னை விஞ்ஞானி சுனிதி சொலமனின் வாழ்க்கை நமக்குத் துணைசெய்யும். எயிட்ஸ் நோயை உண்டாக்கும் வைரசு 1983ஆம் ஆண்டு பாரிஸ் நகரின் பாஸ்டர் நிறுவனத்தில் கண்டறியப்பட்டது. அது மேல்நாட்டாரின் ஒழுக்கக்கேட்டால் விளைந்த நோய் என்றும், நம் பண்பாடே நமக்குக் காவல் என்றும் இந்தியாவில் பலர் பெருமை பேசிய காலம் அது. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த சுனிதி, பெருமையைச் சான்றாக ஏற்கவில்லை. ஆராய்ந்து பார்க்குமாறு தம் மாணவி நிர்மலாவைத் தூண்டினார். 1986இல் நிர்மலா, அரசாங்க விடுதியொன்றில் அடைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளரான பெண்களிடமிருந்து இரத்த மாதிரிகளைப் பெற்றார். அவற்றைத் தம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் பாதுகாத்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குப் பரிசோதனைக்காகக் கொண்டு சென்றார். சில மாதிரிகளில், அவ்வைரசை எதிர்த்து உடல் உண்டாக்கும் பிறபொருளெதிரிகள் காணப்பட்டன. இந்தியாவில் எச்.ஐ.வி. உண்டென்பதற்கு முதற்சான்று அதுவே.

கண்டுபிடிப்பு மகத்தானது, ஐயமில்லை. எனினும், எதற்காக இரத்தம் எடுக்கப்படுகிறது என்பது அப்பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. நிர்மலாவே பின்னாளில் இதனை மறைக்காமல் கூறியிருக்கிறார்: சொல்லியிருந்தாலும் எழுத்தறிவற்ற அவர்களுக்கு விளங்கியிராது என்று அன்று அவர் கருதினார். பூட்டிய கதவுக்குள் இருப்பவர் தரும் சம்மதம் சம்மதமாகுமா? கோடிக்கணக்கானோரைக் காக்க அது தேவைப்பட்டது என்று வாதிடலாம். அவ்வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் 'பலருக்காகச் சிலர்' என்று சமுதாயம் கணக்குப் போடும் போதெல்லாம், அந்தச் சிலர் ஏழைகளாகவே இருப்பது ஏன்?

நல்ல விளைவு அக்கடனைத் தீர்த்துவிடாது. கடன் இன்னதென்று காட்டும், அவ்வளவே. சுனிதி அதனை உணர்ந்தவர். கண்டுபிடித்த புகழோடு அவர் நின்றுவிடவில்லை. வைத்தியசாலைகள் பலவும் இந்நோயாளரைத் தொட அஞ்சி விரட்டிய நாளில், 1993இல், ஒய்.ஆர்.ஜி. கெயார் என்னும் நிலையத்தை நிறுவி அவர்களுக்குக் கதவைத் திறந்தார். 2015இல் மறையும்வரை ஆராய்ச்சியும் பராமரிப்பும் அவருக்கு இரு வேறு தொழில்களாக இருந்ததில்லை.

இந்த வைரசு, உடலின் நிர்ப்பீடனத்தை நடத்தும் வெண்குழியங்களுக்குள்ளேயே புகுந்து, தன் மரபுக் குறிப்பை அவற்றின் மரபுப் பொருளோடு இணைத்துவிடுகிறது. காவற்காரனின் வீட்டிலேயே குடியேறும் கள்வன் போன்றது. 1996 அளவில், பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்து அதன் பெருக்கத்தை அடக்கும் வழி பிறந்தது. ஆனால் ஓராண்டு மருந்தின் விலை பத்தாயிரம் டொலருக்கும் மேல்! 2001இல் இந்தியாவின் சிப்லா நிறுவனம் அதனை 350 டொலருக்குத் தர முன்வந்தது. பொருளுக்கன்றிச் செய்முறைக்கு மட்டுமே காப்புரிமை வழங்கிய 1970ஆம் ஆண்டின் இந்தியச் சட்டமே அதற்கு வழிவிட்டது. இலாபத்தின் பூட்டை உடைத்தாலன்றி அறிவு மக்களிடம் வந்துசேராது என்பதை, 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவரான சேனக பிபிலேயின் நாட்டவராகிய நாம் மறக்கலாகாது.

ஒன்பது நாடுகளில் நடந்து, சுனிதியின் நிலையமும் பங்குகொண்ட ஆய்வொன்று 2011இல் ஓர் உண்மையை நிறுவியது: காலந்தாழ்த்தாது மருந்து தொடங்கினால், நோயாளரிடமிருந்து துணைவருக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறையும். இரத்தத்தில் வைரசு கண்டறிய முடியாத அளவுக்கு அடங்கிவிட்டால், பாலுறவினால் அது தொற்றுவதில்லை என்பது பின்னர் உறுதியாயிற்று. அம்மருந்து இலங்கையில் அரசாங்கச் சிகிச்சை நிலையங்களில் இலவசமாகவே கிடைக்கிறது.

விஞ்ஞானம் இவ்வளவு தூரம் நடந்துவிட்டது. 'மெடிக்கல்' விதியோ பழைய அச்சத்திலேயே நிற்கிறது. ஊர் வாயும் அப்படியே. கூலிக்குத் தகுதியா என்று மட்டும் கேட்கும் சோதனை, மனிதரைச் சரக்காக மதிக்கும் சோதனை. 'பெயில்' என்று சொல்பவர், சிகிச்சை எங்கே உண்டு என்பதையும் சொல்லக் கடமைப்பட்டவர். அதனைக் கேட்டறிந்த அயலவர் வாய்மூடி இருக்கக் கடமைப்பட்டவர்.

ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருளை அமானிதம் என்று போற்றிக் காப்பவர்கள் எங்கள் கரையோர மக்கள். பொன்னும் காணி உறுதியும் அமானிதமானால், ஒரு மனிதரின் இரத்தமும் அது சொன்ன இரகசியமும் அமானிதமாகாவா?